சாம்பல் கிண்ணத்தை எடுக்க உள்ளே போகிறவர்கள்: சட்ட வரைவுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். மதுக்கூடங்களிலும் உணவகங்களிலும் கூரைக்குக் கீழே புகைபிடிப்பதைத் தடை செய்யும் வரைவில், கடைசி நேரத்தில் ‘தனிப் புகையறை’ என்றொரு விலக்கைச் சேர்த்திருக்கிறீர்கள். அதற்கு முன் உரிமையாளர்களையும் வாடிக்கையாளர்களையும் அழைத்துக் கேட்டீர்கள். அந்த அறையைத் துடைப்பவர்களில் ஒருவரைக்கூட அழைக்கவில்லை. பதினொரு ஆண்டுகளாக மேசைகளில் பரிமாறி வருபவன் என்ற முறையில், விடுபட்ட அந்தச் சாட்சியத்தை நானே எழுதி அனுப்புகிறேன்.

புகையறைக்குள் எதையும் பரிமாறக் கூடாது என்கிறது உங்கள் வரைவு. நல்லது. ஆனால் சாம்பல் கிண்ணம் தானாகக் காலியாவதில்லை. நான் வேலை பார்க்கும் இடத்தில் அப்படியோர் அறை இப்போதே இருக்கிறது. ஓர் இரவில் ஏழெட்டு முறை அதற்குள் போய்வருகிறோம். கடை மூடிய பிறகு, புகை கூடத்துக்குள் பரவிவிடக் கூடாது என்பதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியில் படிந்த மஞ்சள் பிசுக்கைத் துடைக்கிறோம். சென்ற மாதம், ஆறு மாதக் கர்ப்பிணியான சக பணியாளர் ஒருவர் அந்த வேலையிலிருந்து மட்டும் தம்மை விடுவிக்குமாறு கேட்டபோது, “ஒரு நிமிட வேலைதானே, மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் வாருங்கள்” என்று மேலாளர் சிரித்தார். அவர் உண்மையாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனார். நான்கு கிண்ணங்களை எடுத்தவரால் ஐந்தாவதற்குள் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இருமிக்கொண்டே வெளியே வந்து சுவரைப் பிடித்து நின்றார். அந்த விலக்கை நீக்குங்கள் என்று கேட்க எனக்கு இது போதும்.

காற்றோட்டக் கருவி பொருத்தினால் தீர்ந்துவிடும் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். புகைப்பவர்களைப் பிரித்து உட்காரவைப்பதாலோ காற்றைச் சுத்திகரிப்பதாலோ மற்றவர்களை முழுமையாகக் காக்க இயலாது என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2006-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே கூறிவிட்டார். அயர்லாந்து 2004 மார்ச்சில் மதுக்கூடத்தையும் ஒரு பணியிடமாகவே கருதி, நாடு முழுவதும் தடையைக் கொண்டுவந்தது. உங்கள் வரைவில் ‘பணியிடம்’ என்ற சொல்லைத் தேடிப் பார்த்தேன்; கிடைக்கவில்லை.

பிடிக்காதவர்கள் வேறு வேலை தேடிக்கொள்ளலாமே என்று உங்கள் அமர்வில் ஒருவர் கேட்டாராம். சிகரெட்டுக்காகப் பத்தடி நடந்து வாசலுக்குப் போகச் சொன்னால் அது உரிமைப் பறிப்பு. பிழைப்பையே விட்டுவிட்டுப் போகச் சொன்னால் அது வெறும் யோசனை! இத்தனைக்கும் வாசலில் நின்று புகைப்பவர்கள்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை, ஒரு காலத்தில் நானும் அங்கே நின்றவன்தான்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன். புகையறை விலக்கை வரைவிலிருந்து நீக்குமாறு மீண்டும் பணிவுடன் வேண்டுகிறேன். அதற்கு முன் ஒரு முறை விசாரிக்க வேண்டும் என்று கருதினால், அடுத்த அமர்வுக்கு எங்களில் ஒருவரை அழையுங்கள். பகலில் என்றால் நானே வருகிறேன். இரவில் எனக்கு அந்த அறையில் வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
மேசைப் பணியாளர் ஒருவர்