அபேஷேக்குத் தெற்கே ஒரு புள்ளி

பாளையங்கோட்டை,
பங்குனி 20.

அன்பு மகள் கயல்விழிக்கு அப்பா எழுதுவது.

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்பு போலத்தான் இருக்கிறது. ராதாபுரத்து அத்தை வீட்டு விசேஷம் வைகாசிக்குத் தள்ளிப்போய்விட்டது. மற்றவற்றைப் பிறகு எழுதுகிறேன். இப்போது, இருப்பிடம் காட்டும் கருவியை முதுகில் பூட்டி நீ பறக்கவிட்ட உன் செங்கால் நாரையைப் பற்றித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நீ கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்த வரைபடத்தைக் காலையில் காப்பி குடிப்பதற்கு முன்பே நானும் அம்மாவும் பார்த்துவிடுகிறோம். மாசி மாதத்தின் நடுவில் அந்த நாரை சாட் நாட்டில், அபேஷே நகருக்குத் தெற்கே இருந்தது. அங்கிருந்து கிழக்கே திரும்பி, சூடானைக் கடந்து, நைல் நதியையொட்டி வடக்கே ஏறி, சூயஸ், சினாய், இஸ்ரேல் என்று நிலத்தை விடாமல் வந்து, இந்நேரம் துருக்கியையாவது எட்டியிருக்க வேண்டும். பிறகு பாஸ்பரஸ் நீரிணையைத் தாண்டிவிட்டால் ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையிலுள்ள அதன் கூடு வரைக்கும் தடையில்லை. கடலின்மேல் வெப்பக் காற்று எழும்பாது, அந்தக் காற்றில் ஏறி மிதந்து செல்லும் கனத்த பறவைக்குச் சிறகடித்தே கடலைக் கடப்பது கட்டுப்படியாகாது, அதனால்தான் மத்தியதரைக் கடலைச் சுற்றிக்கொண்டு வருகிறது என்று நீ எனக்கு விளக்கியதை, நான் நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர்கள் எல்லோருக்கும் விளக்கி முடித்துவிட்டேன். ஆண்டுதோறும் ஏறத்தாழ ஐந்து லட்சம் செங்கால் நாரைகள் இஸ்ரேலின் வானத்தைக் கடந்து செல்கின்றனவாம். மற்றவற்றின் புள்ளிகள் வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கின்றன. நம்முடையதன் புள்ளி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

செய்தியே வராமல் போயிருந்தால் நான் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன். கைப்பேசிக் கோபுரம் எட்டாத பாலைநிலத்தில் கருவி தன் இருப்பிடங்களைச் சேமித்து வைத்துக்கொண்டு, கோபுரம் எட்டியதும் மொத்தமாக அனுப்பும் என்பது எனக்குத் தெரியும். சென்ற ஆண்டு அப்படித்தான் நடந்தது. இம்முறையோ செய்தி வருகிறது, இடம்தான் மாறவில்லை. குஞ்சுப் பருவத்தில் இருக்கும் நாரை முதல் வசந்தத்தில் வடக்கே திரும்பாமல் ஆப்பிரிக்காவிலேயே தங்கிவிடுவதும் உண்டு என்று நீ சொல்லியிருக்கிறாய். ஆனால் இது சென்ற ஆண்டே கூட்டில் அமர்ந்து குஞ்சு பொரித்த பறவை. பறவை பறக்கிறதா, நடக்கிறதா, கிடக்கிறதா என்பதைக் கருவிக்குள் இருக்கும் முடுக்கமானி காட்டிக்கொடுத்துவிடும் என்று சொன்னவளும் நீதான். அது என்ன காட்டுகிறது என்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

நீ மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டதாகத் தம்பி பேச்சுவாக்கில் சொன்னான். நல்லதுதான், தடுப்பூசி போட்டுக்கொள்வது எப்போதும் நல்லதுதான். ஜெர்மனியில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும்.

விழுந்த பறவையைத் தேடிச் செல்வது உங்கள் தொழிலில் உள்ள வழக்கம் என்பதை நான் மறுக்கவில்லை. மின்கம்பியில் பட்டு இறந்ததா, வேட்டைக்காரன் சுட்டானா, நஞ்சு தின்றதா என்று அறிந்தால்தான் அடுத்த பறவையைக் காப்பாற்ற வழி தேட முடியும். எடுத்து வந்த கருவியை இன்னொரு நாரைக்குப் பூட்டவும் முடியும். எல்லாம் சரி. ஆனால் அங்கேயே இருப்பவர்கள் இந்த வேலையைச் செய்ய மாட்டார்கள் என்று யார் சொன்னது? 1911ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஜான் மேஸ்ஃபீல்ட் என்ற வழக்கறிஞர் ஒரு தகைவிலான் குருவியின் காலில் வளையம் மாட்டிவிட்டார். 1912 டிசம்பரில் அது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், உட்ரெக்ட் அருகே ஒரு பண்ணை வீட்டுக்குள் அகப்பட்டது. வளையத்தில் பொறித்திருந்த லண்டன் முகவரியை நம்பி, முன்பின் அறியாத ஒருவர் அங்கிருந்து கடிதம் எழுதினார். இங்கிலாந்தின் தகைவிலான்கள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்பது அந்தக் கடிதத்தால்தான் உறுதியானது. மேஸ்ஃபீல்ட் கப்பல் ஏறவில்லை. அஞ்சல் துறையில் காலம் கழித்தவன் என்பதால் இந்தச் செய்தி எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

அங்குள்ளவர்களை நம்பி ஏமாந்தவர்களும் உண்டு என்று நீ சொல்லக்கூடும். போலந்து நாட்டு நாரை ஒன்றின் கருவியைச் சூடானில் யாரோ கழற்றி, அதிலிருந்த சிம் அட்டையைத் தம் கைப்பேசியில் போட்டுப் பேசித் தீர்த்ததில், கருவி பூட்டியவர்களுக்குப் பத்தாயிரம் ஸ்லோட்டிக்கு மேல் கட்டணம் வந்ததாக 2018இல் செய்தித்தாள்கள் எழுதின. மொத்தம் இருபது மணி நேரப் பேச்சாம். அம்மா அதைக் கேட்டுவிட்டு, நாரையின் சிம்மிலிருந்துகூட இருபது மணி நேரம் பேச ஆள் இருக்கிறது என்றாள். அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

உன்னை நினைத்து எங்களுக்குப் பெருமை இல்லாமல் இல்லை. பளுதூக்கி வண்டியின் கூண்டில் நின்றுகொண்டு, உயரத்திலுள்ள கூட்டிலிருந்து குஞ்சை எடுத்து, அதன் முதுகில் நீ கருவியைப் பூட்டும் படத்தை அம்மா சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், மூன்று கிலோவைத் தாண்டும் பறவைக்கு எத்தனை கிராம் வரை சுமை ஏற்றலாம் என்று அவளே கணக்குச் சொல்கிறாள். ஒரு பறவைக்கு இவ்வளவு கணக்குப் பார்க்கிறவள் தன் விஷயத்தில் கணக்கே பார்ப்பதில்லை என்பதுதான் எங்களுக்குப் புரியவில்லை.

1822இல் ஜெர்மனியின் க்ளூட்ஸ் என்னும் ஊரருகே சுட்டு வீழ்த்தப்பட்ட நாரையைப் பற்றி நீ எழுதியதையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி துளைத்தபடியே அது பறந்து வந்தது என்பதும், அந்த ஈட்டியை வைத்துத்தான் நாரைகள் எங்கே போய் வருகின்றன என்பதற்குச் சான்று கிடைத்தது என்பதும், அது இன்றும் ராஸ்டாக் பல்கலைக்கழகத்தில் பாடம் செய்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் அவளுக்கு வியப்பாக இல்லை. அவ்வளவு தூரம் ஈட்டியோடு வந்து சேர்ந்ததை ஊரில் வைத்தா சுட்டார்கள் என்று மட்டும் கேட்டாள்.

சாட் நாட்டின் கிழக்கு எல்லையைப் பற்றி நான் படிக்காமல் இல்லை. சூடானில் 2023 ஏப்ரலில் தொடங்கிய போருக்குத் தப்பி லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி வந்து தங்கியிருப்பது அந்தப் பகுதியில்தான். அப்படிப்பட்ட இடத்தில் நாலு நாள் பழக்கமுள்ள ஒரு வழிகாட்டியையும் ஒரு வண்டியையும் நம்பி, கையளவுப் பெட்டி ஒன்றைத் தேடிக்கொண்டு யாரும் போக வேண்டியதில்லை. யாரும் என்றால் யாரும்தான். அங்குள்ள வனத்துறையினருக்கு எழுதலாம், நிவாரணப் பணியில் இருப்பவர்களைக் கேட்கலாம், இருப்பிடத்தின் அளவுகளைக் கொடுத்துவிட்டால் எடுத்து அனுப்ப ஆள் கிடைக்கும். கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். அந்தக் கருவி வெயிலில் மின்னூட்டம் பெற்றுக்கொண்டு இன்னும் பல நாள் செய்தி அனுப்பும். அதற்கு அவசரம் ஒன்றும் இல்லை. சுந்தரம் மாமா விஷயத்தில் வந்த கடைசித் தந்தியை அம்மா எங்கே வைத்திருக்கிறாள் என்பது உனக்கே தெரியும். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

நீ போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முப்பது வயதைத் தாண்டிய பெண்ணிடம் அப்படிச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. மேலே சொன்னபடி அங்குள்ளவர்களுக்கு முதலில் எழுதிப் பார் என்றுதான் சொல்கிறேன். எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திரு. ஒருவேளை பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது என்றால், தேதியையும், உடன் வருபவர்களின் தொலைபேசி எண்களையும், அபேஷேயில் தங்கும் இடத்தையும் எனக்கு மட்டும் எழுது. தம்பியிடம் சொல்லி அனுப்பாதே. அவனுக்கு வாய் நிற்காது.

தடுப்பூசி போட்ட செய்தி அம்மாவுக்கு இன்னும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. அம்மா எடுத்தால் நாரையைப் பற்றி மட்டும் பேசு, பிறகு என்னிடம் கொடுக்கச் சொல்.

அன்புடன்,
அப்பா