மானிய டீசலோடு ஆமைக் கருவியும்

ஆசிரியருக்கு,

சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் மீண்டும் இறந்து ஒதுங்குவதாக வெளியான செய்தியைப் படித்தேன். 2025 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இப்படிக் கரை ஒதுங்கியபோது ரோந்து, வழக்கு, எச்சரிக்கை எல்லாம் நடந்தன. சரி, வலைக்குள் என்ன மாறியது? ஆமை நுரையீரலால் சுவாசிப்பது. மூச்சுவிட மேலே வர முடியாமல் இழுவலையில் சிக்கிக்கொண்டால் மூழ்கித்தான் சாகும். கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்குகிறது. ஆமைகளோ ஜனவரியிலிருந்தே முட்டையிடக் கரைக்கு வரத் தொடங்கிவிடுகின்றன. எனவே தடைக்காலத்தை மட்டும் நம்பிப் பயனில்லை.

வலையின் கழுத்தில் கம்பிச் சட்டம் பொருத்தி, ஆமை மட்டும் வெளியேற வழிவிடும் கருவியைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் எப்போதோ வடிவமைத்துவிட்டது. இந்தக் கருவியை நம் படகுகள் சரிவரப் பயன்படுத்தாததால்தான் நம் கடல் இறாலை 2019 முதல் அமெரிக்கா வாங்குவதில்லை. (ஆமைக்காக இல்லாவிட்டாலும் இறாலுக்காகவாவது யோசிக்கலாம்!) காசிமேட்டில் எனக்குப் பழக்கமான ஒரு படகோட்டியிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "அந்த ஓட்டையில மீனும் போகும் சார், அந்த நஷ்டத்தை யார் தருவாங்க?" என்றார். அவர் கேட்பது நியாயம்தான். விசைப்படகுகளுக்கு அரசு ஏற்கெனவே மானிய டீசல் தருகிறது. கருவி பொருத்திய படகுகளுக்கு அதன் அளவைக் கூட்டித் தரலாம். கருவியையும் இலவசமாகவே கொடுத்துவிட்டு, அப்புறம் துறைமுகத்திலேயே வலையைச் சோதிக்கலாம்.

— வாசகர் ஒருவர், திருவான்மியூர்