இதயத்துடிப்பு மாத்திரை: எழுதிக் கொடுக்கிறவர்கள் சொல்லாமல் விட்டது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவன், வயது 57. பத்திரிகைக்கு எழுதிப் பழக்கம் இல்லை, மகள்தான் பக்கத்தில் இருந்து எழுத்துப்பிழை திருத்துகிறாள். நம் மாவட்டத்தில் இதயத்துடிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மார்த்தாண்டத்தில், தக்கலையில், நாகர்கோவிலில் எந்த மருந்துக் கடையில் கொஞ்ச நேரம் நின்றாலும் அந்தச் சீட்டோடு ஒருவர் வருவதைப் பார்க்கலாம். அதில் அமியோடரோன் என்கிற மாத்திரையால் எனக்கு நடந்தது அவர்களுக்கு நடக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆடி மாத மழையில் மரத்துக்கு மழைக்காப்பு பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சு படபடவென்று அடித்தது. சாதாரணமாக வேகமாக அடிப்பது போல இல்லை, தாளம் தப்பி, இரண்டு அடி விட்டு மூன்று அடி சேர்ந்து வருகிற மாதிரி. கையைப் பிடித்துப் பார்த்தால் நாடியைக் கணக்கெடுக்கவே முடியவில்லை. ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே துடித்துக்கொண்டிருக்குமாம். அப்படி இருக்கும்போது உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டி பிடித்து, அது மூளைக்குப் போனால் பக்கவாதம். சின்ன வயதில் எனக்கு மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்தது, அதில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருக்கிறது என்று எக்கோவில் தெரிந்தது. இத்தனை வருடம் தெரியாமலே மரம் வெட்டியிருக்கிறேன்.

தாளத்தை ஒழுங்காக்க அமியோடரோன், நாடி வேகத்தைக் குறைக்க மெட்டோப்ரோலால், ரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் என்று மூன்று மாத்திரை கொடுத்தார்கள். முதல் மாத்திரையை ஒரு வாரம் மூன்று வேளை, அடுத்த வாரம் இரண்டு வேளை, அப்புறம் தினமும் ஒன்று சாப்பிடச் சொன்னார்கள். இரண்டு வாரத்தில் துடிப்பு ஒழுங்குக்கு வந்துவிட்டது. அந்த மாத்திரை என்னைக் காப்பாற்றியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ஆனால் அது உடம்பில் என்னவெல்லாம் செய்யும் என்று அன்றைக்கு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் தாள் முழுக்க ஆங்கிலம். மருந்துக் கடையில் அட்டையை வெட்டித்தான் தந்தார்கள், பெட்டிக்குள் இருக்கும் விவரத்தாள் கைக்கு வரவே இல்லை.

முதலில் வந்தது ரத்தம். மாத்திரை தொடங்கி மூன்றாவது வாரம், வெட்டுக்கத்தி இடது கை விரலில் லேசாகப் பட்டது. பால் வெட்டுகிறவனுக்கு இது மாதத்தில் ஒருமுறை நடப்பதுதான், துணியைச் சுற்றிவிட்டு அடுத்த மரத்துக்குப் போவோம். அன்றைக்குத் துவர்த்து நனைந்தது, இன்னொரு துணி நனைந்தது, சிரட்டையில் வெள்ளைப் பாலோடு என் ரத்தமும் சொட்டிக்கொண்டிருந்தது. நாற்பது மரம் தாண்டியும் நிற்கவில்லை. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டுகிற ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையில், 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டியது 5-ஐத் தாண்டியிருந்தது. அமியோடரோன் சேரும்போது வார்ஃபரினின் வேகம் கூடும், அதனால் வார்ஃபரின் அளவைக் குறைக்க வேண்டும், முதல் சில வாரம் அடிக்கடி ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். இது டாக்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானாம். எனக்கு ஒரு மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அப்புறம் வெயில். பத்து மணிக்கு மேல் ரப்பர் ஷீட்டை பைக்கில் கட்டி மார்த்தாண்டம் கொண்டு போகும்போது முன்கையும் கழுத்தும் தீப்பட்ட மாதிரி எரியும், சாயங்காலம் சிவந்து கிடக்கும். ஆசிட் பட்டிருக்கும் என்றுதான் நினைத்தேன். பால் உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் ஊற்றுகிற கைதானே. முகம் கறுத்து ஒரு மாதிரி சாம்பல் நிறம் ஏறியபோது என் மனைவிதான் பயந்தாள். இந்த மருந்து சாப்பிடுகிறவர்களின் தோல் வெயிலைத் தாங்காது. கண்ணாடி வழியாக வருகிற வெயில்கூடச் சிலருக்குப் போதும் என்பதால் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியை மூடிவிட்டால் சரியாகிவிடும் என்றும் நினைக்க முடியாது. கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு கிரீம் போதாது, ஜிங்க் ஆக்சைடு கலந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். நான் இப்போது முழுக்கைச் சட்டை, பெரிய துவர்த்து, தொப்பி என்று போகிறேன், ரப்பர் ஷீட்டைச் சாயங்காலம்தான் கொண்டு போகிறேன். கடலுக்குப் போகிறவர்களையும் கொற்றிகோடு பக்கம் செங்கல் சூளையில் நிற்கிறவர்களையும் நினைத்துப் பாருங்கள். அவர்களிடம் வெயிலில் போகாதே என்று சொல்வதில் அர்த்தம் இல்லை, எப்படிப் போவது என்றுதான் சொல்லித்தர வேண்டும்.

ஐந்தாறு மாதம் ஆனபோது கண். நாங்கள் விடியற்காலை மூன்றரை மணிக்கே தலையில் லைட் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்குகிறவர்கள். ஒருநாள் எதிர்ச் சரிவில் வெட்டிக்கொண்டிருந்த அண்ணனின் தலை லைட்டைச் சுற்றி நீலமும் பச்சையுமாக ஒரு வளையம், நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டுமே அது மாதிரி. பனி என்று நினைத்தேன். பனி இல்லாத நாளிலும் இருந்தது. கருவிழியில் இந்த மருந்து பொடிப்பொடியாகப் படியும், சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அது வரும், பார்வையை அநேகமாகக் கெடுக்காது என்று கண் டாக்டர் பிற்பாடு சொன்னார். ஆனால் பார்வை மங்கினால், ஒரு பக்கம் மறைத்தால் அது வேறு, அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். இந்த இரண்டு வாக்கியத்தை முதலிலேயே கேட்டிருந்தால் மூன்று மாதம் கண் போய்விடுமோ என்று நான் தூங்காமல் கிடந்திருக்க மாட்டேன்.

பெரிய அடி அதற்கு அப்புறம்தான். பத்தாவது மாதம் வாக்கில் உடம்பு கல்லாகக் கனத்தது. 300 மரம் வெட்டுகிறவன் 120-லேயே உட்கார்ந்துவிட்டேன். பங்குனி வெயிலில் குளிர்கிறது என்று போர்வை கேட்டேன். குரல் கம்மியது, முகம் உப்பியது, மலம் போக நாலு நாள். வயசாகிவிட்டது என்றார்கள், மனக்கவலை என்றார்கள். கூட வெட்டுகிற ஒருவர், நல்ல மனுஷர்தான், "அந்த இங்கிலீஷ் மருந்தை விடு, எல்லாம் சரியாகும்" என்றார். நானும் அமியோடரோனை மட்டும் யாரிடமும் கேட்காமல் நிறுத்தினேன்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நிறுத்திய மறுநாள் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம், மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை, நெஞ்சு ஒழுங்காகத்தான் அடித்தது. பார்த்தாயா, தேவையில்லாமல்தான் இத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறோம் என்று வீட்டில் சொன்னேன். இந்த மருந்து உடம்புக் கொழுப்பில் போய்த் தேங்கிக்கொள்ளும், நிறுத்தினாலும் உள்ளே இருப்பது பாதியாகக் குறையவே சராசரியாகக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆகும் என்பது எனக்குத் தெரியாது. நான் சாப்பிடாத மாத்திரை உள்ளே இருந்து வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அது குறையக் குறைய வார்ஃபரினின் வேகமும் குறைந்தது, அதையும் நான் அறியவில்லை. மூன்றாவது மாதம் தக்கலை பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது பழைய படபடப்பு திரும்ப வந்து, கண் இருட்டி, 108 வண்டியில்தான் போனேன். ஐ.என்.ஆர். 1.4. ரத்தம் கட்டி மூளைக்குப் போகாமல் இருந்தது கடவுள் கிருபை.

மெட்டோப்ரோலால் இதற்கு நேர் எதிர். அதைத் திடீரென்று விட்டால் ஓரிரு நாளிலேயே நெஞ்சு எகிறிவிடும். ஒரே சீட்டில் இருக்கும் இரண்டு மாத்திரை இப்படி இரண்டு விதமாக நடந்துகொள்ளும்போது நாமாக எதையும் முடிவு செய்ய முடியாது.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாகர்கோவிலில் படிக்கிற என் மகள் மருந்தின் விவரத்தை எங்கிருந்தோ எடுத்துப் படித்துவிட்டு, "அப்பா, தைராய்டுன்னு போட்டிருக்கு, உங்களுக்கு அந்த டெஸ்ட் ஒருதடவையாவது எடுத்தாங்களா?" என்று கேட்டாள். எடுக்கவில்லை. அவளே டியூட்டி டாக்டரிடம் போய்க் கேட்டாள். தைராய்டு வேலை குறைந்தால் டி.எஸ்.எச். என்கிற அளவு ரத்தத்தில் கூடுமாம், அது நாலு, நாலரை வரை இருக்கலாமாம், எனக்கு 41 இருந்தது. தைராய்டு படுத்தே விட்டது. வயசும் இல்லை, கவலையும் இல்லை.

காரணம் அயோடின். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் பிரிந்து வருமாம், ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு நாள் தேவையே 0.15 மில்லிகிராம்தான், அப்படியென்றால் 40 மடங்குக்கும் மேல். இதனால் சிலருக்குத் தைராய்டு படுத்துவிடும், சிலருக்கு எகிறிவிடும். எகிறினால் உடம்பு மெலிந்து கை நடுங்கி, அடங்கியிருந்த நெஞ்சுப் படபடப்பும் திரும்ப வரும். இதைக் கேள்விப்பட்ட உறவுக்காரர்கள் மீனை நிறுத்து, சாளையைத் தொடாதே, அயோடின் உப்பு வேண்டாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மாத்திரையில் இருக்கிற அயோடினுக்கு முன்னால் சட்டியில் கிடக்கும் மீன் எம்மாத்திரம்? டாக்டரும் சிரித்துக்கொண்டே மரச்சீனியும் மீனும் தாராளமாகச் சாப்பிடச் சொன்னார். படுத்த தைராய்டுக்குத் தைராக்சின் மாத்திரை தொடங்கினார்கள், அமியோடரோனையும் சேர்த்தே சாப்பிடுகிறேன், இரண்டும் கூடப் போகலாம். கஷ்டம் ஒன்றுதான். தைராக்சினை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு ஒரு மணி நேரமாவது சாயா குடிக்காமல் இருக்க வேண்டும். கட்டன் சாயா குடிக்காமல் நான் தோட்டத்துக்கு இறங்கியதே கிடையாது. இப்போது மூன்று மணிக்கு எழும்பியதும் மாத்திரை, சாயாவை ஃப்ளாஸ்க்கில் கொண்டுபோய் முதல் வரிசை வெட்டி முடித்த பிறகு குடிக்கிறேன். இரண்டு மாதத்தில் குரல் திரும்ப வந்தது, இப்போது 250 மரம் வெட்டுகிறேன்.

நான் கற்றுக்கொண்ட இன்னும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். தாழ்வாக வெட்டுகிற மரத்தில் குனிந்துவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தால் தலை சுற்றும், நாடி மெதுவாக ஓடுவதால். மரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழும்புகிறேன். காலையில் ஒரு நிமிடம் முழுக்க நாடி எண்ணி நோட்டில் எழுதுகிறேன், 50-க்குக் கீழே போனால் போன் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். வறட்டு இருமல், மூச்சு வாங்குதல் வந்தால் ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைப்புரையின் புகை என்று விட்டுவிடக் கூடாது, இந்த மருந்து அபூர்வமாக நுரையீரலைக் கெடுக்கும், அப்படிக் கெட்டால் ஆபத்து. காய்ச்சல் வந்தால் கடையில் நின்று இரண்டு மாத்திரை வாங்குகிற பழக்கம் நம்மிடம் நிறைய. அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின் போன்றவை இதனோடு சேர்ந்தால் வேறு விதமான, இன்னும் மோசமான துடிப்புக் கோளாறு வரலாம். பல் பிடுங்கப் போனாலும், கண்ணுக்குப் போனாலும் நான் முதலில் மாத்திரைப் பட்டியலைத்தான் நீட்டுகிறேன். கீரை வார்ஃபரினின் வேகத்தைக் குறைக்கும், ஆனாலும் முருங்கைக்கீரையை விடவில்லை, வாரத்தில் இரண்டு நாள் என்று ஒரே அளவாக வைத்துக்கொண்டேன். ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்றால் ஐ.என்.ஆர். ஆடும்.

டாக்டர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு அத்தனை கூட்டத்தைப் பார்க்கிறார்கள், ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேச நேரம் இல்லை என்பதும் தெரிகிறது. அதனால்தான் தாள் கேட்கிறேன். ஒரே ஒரு பக்கம், தமிழில், கண்ணாடி போடாமல் படிக்கிற எழுத்தில். மாத்திரை தொடங்கும் முன்னால் தைராய்டு, கல்லீரல், எக்ஸ்-ரே, ஈ.சி.ஜி., கண். அப்புறம் தைராய்டும் கல்லீரலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எக்ஸ்-ரேயும் ஈ.சி.ஜி.யும் வருடத்துக்கு ஒருமுறை. தேதி எழுத அதிலேயே கட்டம். எந்தெந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது என்று கீழே நாலு வரி. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலும் தாலுகா மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் இது கிடைக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். நம்மில் பாதிப் பேர் சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போகிறோம், மலையாளம் பேசினால் புரியும், எழுத்து எத்தனை பேருக்குத் தெரியும்? அங்கிருந்து திரும்பி வருகிறவர்களுக்கும் இங்கே இந்தத் தாள் கிடைக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை கொண்டு வருகிற சகோதரிகள் 2021-லிருந்து வீடு வீடாக வருகிறார்கள், அவர்கள் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் தைராய்டு டெஸ்ட் எப்போது எடுத்தீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும், என்னைப் போல எத்தனையோ பேர் தப்புவார்கள்.

எந்த மருந்தின் பக்கவிளைவையும் நோயாளியே தெரிவிக்க மத்திய அரசின் இலவச எண் இருக்கிறது, 1800-180-3024. எனக்கு இது இந்த வருடம்தான் தெரியும். ஒவ்வொரு மருந்துக் கடையிலும் கண்ணில் படுகிற இடத்தில் இதை எழுதி ஒட்ட வேண்டும் என்று மருந்துக் கடைக்காரர்களையும் கேட்டுக்கொள்கிறேன். அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது அந்த விவரத்தாளின் ஒரு நகலையாவது சேர்த்துக் கொடுங்கள், வீட்டில் படிக்கிற பிள்ளை ஒன்று இருந்தால் அது படித்துச் சொல்லும்.

இப்படிக்கு,
ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.