ரெண்டு பேருக்கு சின்ன ஸ்மோக்கரே போதும், ஆனா கராஜுக்குள்ள வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பத்திரிகையில வந்த பார்பிக்யூ கட்டுரைய நானும் எங்க வீட்டுக்காரரும் ஞாயித்துக்கிழமை காபியோட உக்காந்து முழுசா படிச்சோம். நல்லாதான் எழுதியிருந்தாங்க, ஆனா அதுல சொன்ன ஸ்மோக்கர், அதாவது புகையில கறிய மெதுவா வேக வைக்கிற அடுப்பு, எல்லாமே பதினஞ்சு இருபது பேருக்கு விருந்து வைக்கிறவங்களுக்கானது, பிள்ளைங்க காலேஜுக்குப் போயி வீட்டுல ரெண்டே பேரா இருக்குற எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அதுல ஒரு வரி கூட இல்ல. அதோட, குளிர்காலத்துல கராஜ் கதவ பாதி திறந்து வச்சிட்டு ஸ்மோக்கர உள்ளயே போட்டுக்கலாம்னு ஒரு இடத்துல வந்திருக்கு, அதப் படிச்சதும் எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. இந்தக் கடிதம் எழுதறதே முக்கியமா அதுக்குத்தான், ஆனா ஸ்மோக்கர் விஷயத்தையும் சொல்லிடறேன்.

நாங்க ஹூஸ்டன் பக்கம் வந்து பல வருஷம் ஆச்சு. ஒரு தடவ ஆஸ்டின் போற வழியில லாக்ஹார்ட் போனோம், டெக்சஸ் சட்டமன்றமே பார்பிக்யூ தலைநகரம்னு தீர்மானம் போட்ட ஊரு. போஸ்ட் ஓக்ங்கற மரத்து விறகுப் புகையில வெந்த கறிய பிரவுன் பேப்பர்ல வச்சுக் கொடுத்தாங்க, அந்த ருசியிலயே மயங்கி ஊருக்குத் திரும்பின கையோட பக்கத்துல நெருப்புப் பெட்டி ஒட்டின பெரிய ஆஃப்செட் ஸ்மோக்கர் ஒண்ண கடையில வாங்கிட்டு வந்துட்டோம். தகடு மெல்லிசு, மூடி சரியா உக்காராது, இண்டு இடுக்கெல்லாம் புகை ஒழுகும். முக்கால் மணிக்கு ஒரு தடவ எழுந்து போயி விறகு போடணும். ஒரு மூட்டை கரி ஒரே நாள்ல காலி, கடைசியில ரெண்டு பேரு தின்ன ஒரு கோழி, அதுவும் கசந்துச்சு.

ஏன் கசந்துச்சுன்னு புரியறதுக்கு எனக்கு ரொம்ப நாளாச்சு. பெரிய பெட்டிக்குள்ள நெருப்பு நல்லா எரிஞ்சா சூடு தாறுமாறா ஏறிடும், அதுக்குப் பயந்து காத்த அடைச்சா நெருப்பு மூச்சுத் திணறி புகைய ஆரம்பிச்சிடும், நம்ம ஊர்ல ஈர விறகு வச்ச அடுப்பு மாதிரி. அந்தப் புகை கறி மேல படிஞ்சா கசப்புதான். சின்ன பெட்டிக்கு சின்ன நெருப்பே போதும், அது சின்னதா இருந்தாலும் சுத்தமா எரியும். ரெண்டு பேருக்கு சமைக்கிறவங்க சின்னதா வாங்கணும்னு நான் சொல்றது காசு மிச்சம், இடம் மிச்சம்ங்கறதுக்காக மட்டும் இல்ல, சாப்பாடே நல்லா வரும்ங்கறதுக்காக.

இப்ப எங்ககிட்ட இருக்கிறது வெபர் கம்பெனியோட ஸ்மோக்கி மவுண்டன்ங்கற ஸ்மோக்கர், அகலம் 14 இன்ச். அதுல 18, 22 இன்ச்சும் வருது, ரெண்டு பேருக்கு அது ரெண்டும் வேண்டாம். கீழ கரி வளையம், நடுவுல தண்ணி சட்டி, மேல ரெண்டு தட்டு. ஒரு முழு கோழி தாராளமா நிக்கும், ரிப்ஸ், அதாவது விலா எலும்புக் கறி, வாங்கினா ரெண்டா வெட்டித்தான் வைக்கணும். வளையம் முழுக்க பிரிக்கெட்ங்கற அழுத்தின கரிக் கட்டிய பத்த வைக்காம நிரப்பிட்டு, பத்துப் பன்னெண்டு கரிய மட்டும் தனியா சிம்னியில, அதாவது கரி பத்த வைக்கிற தகரக் குழாய்ல, கனல வச்சு மேல கொட்டுவோம், நெருப்பு மேலேர்ந்து மெதுவா கீழ எறங்கும். எங்களுக்கு அஞ்சு ஆறு மணி நேரம் 250 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கத்துலயே நிக்குது. சமைச்சு முடிச்சதும் எல்லா காத்து ஓட்டையையும் மூடிட்டா நெருப்பு அணைஞ்சிடும், மிச்சக் கரி அடுத்த வாரத்துக்கு ஆகும்.

வீட்டுல ஏற்கனவே 22 இன்ச் கெட்டில் கிரில், அதாவது மூடி போட்ட உருண்டையான கரி அடுப்பு, இருந்தா புதுசா எதுவும் வாங்காதீங்க. ஓரத்துல கரிய பாம்பு மாதிரி வளைச்சு அடுக்கி ஒரு முனையில பத்த வச்சா அதுவே ஸ்மோக்கர்தான். கமாடோங்கற கனமான பீங்கான் அடுப்பு சின்ன சைஸ்லயும் வருது, கரி ரொம்பக் கம்மியா தின்னும், அருமையான அடுப்பு, ஆனா விலை கூட, எடை கூட, ஒரு தடவ சூடு எகிறிடுச்சுன்னா எறங்க ரொம்ப நேரம் ஆகும், அதனால முதல் தடவ வாங்கறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். கையில காசு கம்மின்னா இன்னொரு வழி இருக்கு, மெக்சிகன் கடையில தமாலேங்கற சோள மாவுப் பண்டம் அவிக்கிற அலுமினியப் பானை விப்பாங்க, நம்ம இட்லிப் பானை மாதிரியே உள்ள தட்டோட இருக்கும், அந்தப் பானை அடியில ஓட்டை போட்டு 14 இன்ச் ஸ்மோக்கி ஜோங்கற சின்ன கரி கிரில் மேல உக்கார வச்சு இங்க நிறைய பேரு சின்ன ஸ்மோக்கர் செஞ்சுக்கறாங்க. துத்தநாகம் பூசின வாளி, குப்பைத் தொட்டி மட்டும் எடுத்துடாதீங்க, சூட்டுல அந்தப் பூச்சு விஷப் புகையா வரலாம்.

கடையில பாக்கும்போது மூடிய வச்சுப் பாருங்க, ஆடாம உக்காரணும். காத்து ஓட்டை மூடிகள் கைக்கு இறுக்கமா நகரணும், லொடலொடன்னு இருந்தா விட்டுட்டு வந்துடுங்க. மூடியில இருக்கிற தெர்மாமீட்டர நம்பாதீங்க, கறி இருக்கிற தட்டுல சூடு வேற மாதிரி இருக்கும், கறிக்குள்ள குத்துற தெர்மாமீட்டர் ஒண்ணு தனியா வாங்கிடுங்க. கோழின்னா உள்ள 165 டிகிரி ஃபாரன்ஹீட் வரணும்.

பிரிஸ்கெட், அதாவது மாட்டு நெஞ்சுக்கறி, முழுசா வாங்கினா பன்னெண்டு பவுண்டுக்கு மேல இருக்கும், ரெண்டு பேருக்கு அது எதுக்கு. நாங்க மூணு பவுண்டு ஆட்டுத் தோள்கறி எலும்போட வாங்கி முந்தின நாள் ராத்திரியே உப்பு, மிளகு, சோம்பு இடிச்சுத் தடவி வச்சிடுவோம். காலைல நெருப்பு போட்டதும் சாம்பிராணி மாதிரி வெள்ளையா அடர்த்தியா புகை வரும், அப்ப கறிய வைக்கவே கூடாது. அரை மணி நேரம் பொறுத்தா ஊதுவத்தி நுனியிலேர்ந்து போற நூல் மாதிரி மெல்லிசா நீலமா மாறும், அப்பத்தான் வைக்கணும். 200 டிகிரிகிட்ட உள்சூடு வந்ததும் எலும்பப் பிடிச்சு திருகினா கையோட கழண்டு வரும், மத்தியானம் அதுக்கு ரசம் சோறு வச்சு சாப்பிட்டுப் பாருங்க.

இனி அந்த கராஜ் விஷயம். கரி கனன்னா கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு நெறமும் கிடையாது வாசனையும் கிடையாது. கதவு பாதி திறந்திருந்தா போதாது, கராஜ்லேர்ந்து வீட்டுக்குள்ள போற கதவு வழியா உள்ள வந்துடும், நெருப்பு அணைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் கனல் இருக்கிற வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கும். ஒரு மழை நாள்ல நாங்க பின் வாசல் கூரைக்கடியில, சமையலறைக் கதவுக்கு ரொம்பப் பக்கத்துல வச்சிட்டோம். எனக்குத் தலை வலிச்சுது, பசின்னு நெனச்சேன். வீட்டுல இருக்கிற கார்பன் மோனாக்சைடு டிடெக்டர் கத்தினதுக்கப்புறம்தான் வெளிய ஓடினோம், அது இல்லாட்டி என்ன ஆயிருக்கும்னு இப்ப நெனச்சாலும் கை நடுங்குது. 2021 பிப்ரவரி பனிப்புயல்ல கரன்ட் போனப்ப இதே ஊர்ல குளிர் தாங்காம கரி கிரில்ல வீட்டுக்குள்ள கொண்டு வந்தவங்க, கராஜ்ல ஜெனரேட்டர் ஓட்டினவங்கன்னு நூத்துக்கணக்கான பேரு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, உயிரும் போச்சு. அபார்ட்மெண்ட்ல இருக்கிறவங்களும் பால்கனியில வைக்காதீங்க, நிறைய ஊர்ல கட்டடத்துலேர்ந்து 10 அடி தள்ளித்தான் கரி அடுப்பு வைக்கணும்னு தீயணைப்பு விதியே இருக்கு.

நம்ம பத்திரிகைய வயசானவங்க, ஊர்லேர்ந்து பிள்ளைங்க வீட்டுக்கு வந்திருக்கிற அப்பா அம்மாவெல்லாம் நம்பிப் படிக்கிறாங்க. குளிர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, அடுத்த இதழ்லயே, அந்த கராஜ் வரிக்கு மட்டுமாவது முதல் பக்கத்துல ஒரு திருத்தம் போட்டுடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹூஸ்டன், டெக்சஸ்