ஐந்தாவது பெயர்

மாமா,

வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் தலைத்திவசம். அத்தை போன் செய்து, "அந்தக் கிட்டாரை வந்து எடுத்துட்டுப் போயிருப்பா, உறையெல்லாம் எலி கடிச்சிருக்கு" என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து வயிற்றைப் பிசைகிறது.

இதை அத்தையும் படிப்பார்கள். மதினி படித்துவிட்டுக் கண்டிப்பாகச் சண்டைக்கு வருவாள். நம் மெல்லிசைக் குழுவை நடத்தியவரும் இருக்கிறார், நன்றாக இருக்கட்டும். அதனால் சிலதைத் தொடாமல் போகிறேன். பண விஷயம் அதில் ஒன்று.

வீட்டுக்கு யார் வந்தாலும் நீங்கள் கேட்கும் கேள்வி இருக்கிறதே, "இளைய நிலாவுக்குக் கிட்டார் வாசிச்சது யாரு, சொல்லுங்க பாப்போம்?" மதினியைப் பெண் பார்க்க வந்தவர்களிடமே கேட்டவர் நீங்கள். 'பயணங்கள் முடிவதில்லை', 1982. திரையில் மோகன், குரல் எஸ்.பி.பி., வரிகள் வைரமுத்து, இசை இளையராஜா. நாலு பெயரையும் ஒப்பித்துவிட்டு ஐந்தாவதற்கு முழிப்பார்கள். "சந்திரசேகர்யா! டிரம்ஸ் புருஷோத்தமனோட கூடப்பொறந்தவரு" என்று நீங்களே சொல்வீர்கள். அதோடு விடவும் மாட்டீர்கள். கிட்டார் சதானந்தம் மாஸ்டர், பேஸ் கிட்டார் சசிதரன் என்று வரிசையாக வரும். "அந்த பேஸை எடுத்துட்டா பாட்டு தரையில நிக்காது. ஆனா பேரு எந்த ரெக்கார்டு அட்டையிலயாவது இருக்கா?" ரஹ்மான் வந்து கேசட் அட்டையில் வாசித்தவர்கள் பெயரையெல்லாம் போட ஆரம்பித்தபோது, பாட்டைக் கேட்பதற்கு முன்னால் அட்டையைப் படித்த ஒரே ஆள் திருநெல்வேலியில் நீங்களாகத்தான் இருப்பீர்கள். ராஜாவே மற்றவர்கள் குழுவில் கிட்டார் வாசித்து வந்தவர்தானே, இசையமைப்பாளர் சலீல் சௌத்ரிக்குக்கூட வாசித்திருக்கிறார், அவருக்குத் தெரியாத அருமையா என்று ஒருமுறை கேட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. ராஜாவைப் பற்றி ஒரு சொல் குறைத்துப் பேச உங்கள் வாய் வராது.

உங்கள் வலது கை ஞாபகம் வருகிறது. கட்டைவிரல் நகம் மட்டும் சற்று நீளமாக, அத்தையின் நிறமில்லாத நெயில் பாலிஷ் மூன்று பூச்சு பூசி. மில்லில் ஷிப்டு முடித்து வந்ததும் முதலில் அந்த நகத்தைத்தான் பார்ப்பீர்கள். உடைந்திருந்தால் அன்றைக்கு வீட்டில் யாரும் பேச முடியாது.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். 1997, பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண ரிசப்ஷன். அதற்கு முந்தைய மாதம்தான் குழுவில் உங்களுக்கு இடமில்லை என்று ஆனது. கீபோர்டிலேயே கிட்டார் டோன் இருக்கிறது, ஒரு சம்பளம் மிச்சம். அந்தக் கீபோர்டில் உட்கார்ந்திருந்தவன் நான். பெண் வீட்டார் உங்கள் மில்காரர்கள் என்பது எனக்குத் தெரியாது. மூன்றாவது வரிசையில், கடலை மிட்டாய் நிறச் சட்டையில் உங்களைப் பார்த்தபோது பாதி நிகழ்ச்சி ஓடிவிட்டது.

யாரோ துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். இளைய நிலா.

பாடகர் திரும்பி, "தொண்டை கட்டியிருக்கு, அரைக் கட்டை இறக்கிக்கோ" என்றார். சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தட்டு தட்டினேன், முடிந்தது. நீங்களாக இருந்தால் கையையே வேறு இடத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். அப்புறம் நைலான் கிட்டார் டோனை எடுத்து, பாட்டின் தொடக்கத்தில் கிட்டாரில் வரும் அந்த ஓப்பனிங்கை வாசித்தேன். கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு, இரண்டு மாதம் நீங்கள் பிடித்த ஓப்பனிங். என் முகத்தை ஒருமுறைகூட நீங்கள் பார்க்கவில்லை. என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் என் பெயரைச் சொன்னார், கை தட்டினார்கள். பார்த்தால் உங்கள் நாற்காலி காலி.

பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்றீர்கள். குழாயை மூடிக்கொண்டே, "ஓப்பனிங்ல ஒரு நோட்டு விட்டுட்டே" என்றீர்கள். அவ்வளவுதான். போய்விட்டீர்கள்.

மன்னித்துக்கொள்ளுங்கள் மாமா. நான் மாட்டேன் என்றிருந்தால் இன்னொரு பையன் உட்கார்ந்திருப்பான், அது நிஜம். அப்பாவுக்கு வேலை போயிருந்த வருஷம் என்பதும் நிஜம். ஆனாலும் உட்கார்ந்தது நான்தான். குழுவை விட்டு நிறுத்துகிறார்கள் என்று முன்னாடியே தெரிந்தும் உங்களிடம் சொல்லாதவனும் நான்தான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எனக்குப் பன்னிரண்டு வயதில் உங்கள் கிட்டாரை ஆசையாகத் தொட்டபோது என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "விரல் தடிமன், இவனுக்குக் கீபோர்டுதான் சரி" என்று அம்மாவிடம் சொன்னது யார்? நீங்கள்தானே அனுப்பினீர்கள்? ஊர் பேர் தெரியாத வாசிப்பாளர்களுக்கெல்லாம் நியாயம் கேட்டீர்கள். நான் வாசித்ததை ஒரு நாளாவது நன்றாக இருக்கிறது என்று சொன்னீர்களா? இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பொங்கலுக்கு வந்தேன், தீபாவளிக்கு வந்தேன், ஆஸ்பத்திரியில் ராத்திரி உட்கார்ந்திருந்தேன். அந்த ரிசப்ஷனைப் பற்றி நீங்கள் வாயே திறக்கவில்லை. திட்டியிருக்கலாம். இரண்டு அறை விட்டிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி மட்டும், உங்கள் வலது கை போர்வை மேல் தானாக ஏதோ வாசித்துக்கொண்டிருந்தது. கட்டைவிரல் மேலே, மற்ற மூன்று விரலும் கீழே, ஒன்றன்பின் ஒன்றாக. நகத்தை நர்ஸ் வெட்டியிருந்தார். என்ன பாட்டு என்று நான் கேட்கவில்லை. விரலைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

கிட்டாருக்குக் கம்பி புதிதாக வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன், அங்கே வைத்து வாசிக்கச் சொல்லாதீர்கள் என்று அத்தைக்கு இதிலேயே சொல்லிவைக்கிறேன்.

நேற்று ராத்திரியும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்த ஓப்பனிங்கை மறுபடி மறுபடி கேட்டேன். அன்றைக்கு வாசித்தது இன்னும் விரலில் இருக்கிறது. கீபோர்டில் வாசித்தும் பார்த்தேன். எனக்கு எல்லாம் சரியாகத்தான் வருகிறது.

எந்த நோட்டு, மாமா?