பில் கிளிண்டனுக்கு: அரிசிக்கு மட்டும்தானா வருத்தம்?

மதிப்பிற்குரிய திரு. பில் கிளிண்டன் அவர்களுக்கு,

2010 மார்ச்சில் அமெரிக்க செனட்டின் வெளியுறவுக் குழு முன்பு, கரீபியன் நாடான ஹெய்ட்டியின் அரிசியைப் பற்றிப் பேசினீர்கள். உங்கள் சொந்த மாநிலமான அர்கன்சாஸின் விவசாயிகளுக்கு ஆதாயம் தந்த உங்கள் கொள்கை ஹெய்ட்டியின் நெல் விளைச்சலைச் சீரழித்தது, அதற்குப் பொறுப்பு நானே என்றீர்கள். அதிபராக இருந்தவர்கள் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு எளிதில் வராது. ஆனால், உங்கள் வருத்தம் அரிசியோடு நின்றுவிட்டது. அந்த அரிசி எந்த வழியாக உள்ளே வந்தது என்பதை நீங்கள் சொல்லவில்லை.

ஹெய்ட்டியின் 1990 டிசம்பர் அதிபர் தேர்தலை நினைத்துப் பாருங்கள். வாஷிங்டன் விரும்பிய வேட்பாளர், உலக வங்கியில் பணியாற்றிய மார்க் பாசான். அவருக்குக் கிடைத்தது சுமார் 14 சதவீத வாக்கு. ஏழைகளின் பாதிரியார் அரிஸ்டீடுக்கு சுமார் 67 சதவீதம். பதவியேற்று எட்டு மாதம் நிறைவதற்குள் ராணுவம் அவரைத் துரத்தியது. அந்த ராணுவத்தோடு கைகோத்து மக்களைக் கொன்ற ஃப்ராப் கும்பலின் தலைவர் இம்மானுவேல் கான்ஸ்டன்ட், அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவிடம் சம்பளம் வாங்கியவர் என்பது 1994இல் அம்பலமானது. அப்போது அதிபர் நீங்கள்தான்.

அதே ஆண்டு சுமார் 20,000 வீரர்களை அனுப்பி அரிஸ்டீடை மீண்டும் நாற்காலியில் அமர்த்தியதும் நீங்கள்தான். மறுக்கவில்லை. ஆனால் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. அரசு நிறுவனங்களைத் தனியாருக்கு விற்பது, இறக்குமதி வரிகளை வெட்டுவது என்று கடன் கொடுப்போரிடம் பாரிஸில் ஒப்புக்கொண்ட திட்டமும் கூடவே வந்தது. 35 சதவீதமாக இருந்த அரிசி வரி 3 சதவீதமானது. நாடுகடந்து வாழ்ந்த மூன்று ஆண்டுகளும் அவருடைய பதவிக்காலத்திலேயே கழிக்கப்பட்டன. மக்கள் வாசலில் விரட்டிய பாசானின் இதேபோன்ற திட்டத்தை, அவர்கள் தேர்ந்தெடுத்தவர் கையாலேயே கொல்லைப்புறமாக உள்ளே விட்டீர்கள். ஆட்சிக் கவிழ்ப்பைவிட இதுதான் எனக்கு அதிக ஆத்திரமூட்டுகிறது. கவிழ்ப்பில், வாக்கு பறிபோனது என்றாவது வாக்காளருக்குத் தெரியும்.

அரிஸ்டீடு குறையற்றவர் என்று நான் வாதாடவில்லை. உள்ளூர்ப் பணக்காரர்களும் தளபதிகளும் செய்ததற்கெல்லாம் அமெரிக்காவே காரணம் என்றும் சொல்லமாட்டேன்.

நீங்கள் வருந்தி ஓராண்டுகூட ஆகவில்லை. ஹெய்ட்டி அதிபர் தேர்தலின் முதல் சுற்று முடிவை மாற்றி, ஜூட் செலஸ்தாங்குப் பதிலாக மிஷேல் மார்ட்டெல்லியை இறுதிச் சுற்றுக்கு அனுப்பும்படி அமெரிக்க நாடுகள் அமைப்பின் குழு பரிந்துரைத்தது. 2011 ஜனவரி இறுதியில், வெளியுறவு அமைச்சராக இருந்த உங்கள் மனைவி அந்தப் பரிந்துரையை வலியுறுத்தப் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கே போனார். சில நாட்களில் செலஸ்தாங் விலக்கப்பட்டார், மார்ட்டெல்லி அதிபரானார். நீங்களோ அப்போது ஹெய்ட்டிக்கான ஐ.நா. சிறப்புத் தூதர்.

2021இல் அதிபர் மொயிஸ் கொல்லப்பட்டபின், அடுத்து யார் ஆள்வது என்ற குழப்பத்துக்கு வெளிநாட்டுத் தூதர்களின் கூட்டமைப்பு ஓர் அறிக்கையில் விடை சொன்னது. அதில் பெயர் இருந்த ஏரியல் ஆன்றி சில நாட்களில் பிரதமரானார். 2023 ஜனவரியில் ஹெய்ட்டியின் கடைசிப் பத்து செனட்டர்களின் பதவிக்காலமும் முடிந்தபோது, மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட நாட்டின் அரசில் மிஞ்சவில்லை.

ஒரு வேண்டுகோள். அரிசியைப் பற்றிச் சொன்ன அதே தெளிவோடு 1994ஐப் பற்றியும் எழுதுங்கள்: அரிஸ்டீடு முன் வைக்கப்பட்ட நிபந்தனைகள் எவை, எவற்றுக்கு அவர் தயங்கினார், தயங்கியபோது உங்கள் ஆட்கள் அவரிடம் என்ன சொன்னார்கள்? செனட் குழுவுக்கு அல்ல. ஆர்ட்டிபோனிட் பள்ளத்தாக்கில் 1990இல் வாக்களித்த நெல் விவசாயிகளுக்கு எழுதுங்கள்.

வணக்கங்களுடன்,
ஒரு வாசகன்