ஒரே பெயர், ஒரே கோப்பு, இரண்டு நோயாளிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் 31 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள். ஒருவருடைய மருத்துவப் பதிவில் இன்னொருவருடைய விவரம் கலந்துவிடும் பிழையைப் பணிக்காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அதைத் திருத்த ஒரு குடும்பம் எவ்வளவு அலைய வேண்டியிருக்கிறது என்பதை என் அக்காவுக்கு நேர்ந்தபோதுதான் உணர்ந்தேன்.

பித்தப்பைக் கல் அறுவைச் சிகிச்சைக்காக அக்கா ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்திருந்தார். முதல் நாள் மாலை மயக்க மருந்து மருத்துவர் வந்து, "இன்சுலின் எத்தனை யூனிட் போட்டுக்கிறீங்கம்மா?" என்று கேட்டார். அக்காவுக்குச் சர்க்கரை நோயே கிடையாது. கோப்பை வாங்கிப் பார்த்தபோது, அதே பெயரும் ஏறத்தாழ அதே வயதும் கொண்ட வேறொரு பெண்மணியின் இரத்தப் பரிசோதனை முடிவுகளும் மருந்துக் குறிப்புகளும் அதில் இருந்தன. ஆறு மாதங்களுக்கு முன்பு காய்ச்சலுக்காக அக்கா அங்கே போயிருந்தார். அப்போது பதிவு செய்தவர் பெயரைத் தட்டிப் பார்த்து, திரையில் முதலில் வந்த பழைய நோயாளிப் பதிவு எண்ணிலேயே அக்காவையும் சேர்த்திருக்கிறார். மருத்துவர் கேட்டதால் தப்பித்தோம். கேட்காமல், கோப்பில் உள்ளபடி, வெறும் வயிற்றோடு இருப்பவருக்கு இன்சுலின் போடப்பட்டிருந்தால் சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கும். மயக்க நிலையில் இருப்பவரிடம் அதன் அறிகுறிகள் எளிதில் வெளியே தெரிவதும் இல்லை.

இந்தப் பிழைக்கு நம் ஊரில் இடம் அதிகம். குடும்பப் பெயர் இல்லாத நமக்கு முன்னெழுத்துதான் அடையாளம். அதுவும் பெண்களுக்குத் திருமணத்துக்குப் பின் தந்தையின் எழுத்திலிருந்து கணவரின் எழுத்துக்கு மாறிவிடுகிறது. கணினியில் அந்த எழுத்தை ஒருவர் பெயருக்கு முன்னும் மற்றொருவர் பின்னும் போடுகிறார். ஆங்கிலத்தில் பதியும்போது லட்சுமியையும் தமிழ்ச்செல்வியையும் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். பிறந்த தேதி தெரியாத முதியவர்களுக்கு ஜனவரி 1 என்று போட்டுவிடும் வழக்கமும் இருக்கிறது. கைப்பேசி எண்ணை வைத்துத் தேடினாலும் சிக்கல் தீர்வதில்லை, ஏனெனில் ஒரே எண்ணில் மாமியார், மருமகள், பேரன் என்று வீடே பதிவாகியிருக்கும். பச்சைக் குழந்தைகளுக்குப் பெயர் வைக்கும்வரை தாயின் பெயரே பதிவுப் பெயர் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தடுக்கும் வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. உலக சுகாதார நிறுவனம் 2007 ஆம் ஆண்டிலேயே, சிகிச்சைக்கு முன் குறைந்தது இரண்டு அடையாளங்களைக் கொண்டு நோயாளியை உறுதிசெய்ய வேண்டும் என்றும், அறை எண் அவற்றில் ஒன்றாக இருக்கக் கூடாது என்றும் கூறியிருக்கிறது. கேட்கும் விதத்தில்தான் பாதி காரியம் இருக்கிறது. "நீங்கதானே லட்சுமி?" என்று கேட்டால், காது சரியாகக் கேட்காத பாட்டியும் அரைத் தூக்கத்தில் இருப்பவரும் தலையை ஆட்டிவிடுவார்கள். "உங்க பேர் என்னம்மா, வீட்டுக்காரர் பேர் என்ன?" என்று கேட்டு, வரும் பதிலைக் கைப்பட்டையோடும் கேஸ் ஷீட்டோடும் ஒப்பிட வேண்டும். இரத்த மாதிரிக் குழாயில் பெயர் எழுதுவதும் நோயாளியின் படுக்கையருகில், இரத்தம் எடுத்த கையோடு நடக்க வேண்டும். முன்கூட்டியே எழுதி அடுக்கி வைத்த குழாய்கள் மாறினால், பொருந்தாத பிரிவு இரத்தம் ஏற்றப்பட்டு உயிரே போகலாம். ஒரே பெயரில் இருவர் சேர்ந்துவிட்டால் எங்கள் வார்டில் இரண்டு கேஸ் ஷீட்டுகளிலும் சிவப்பு மையில் எச்சரிக்கை எழுதி, படுக்கைகளையும் தள்ளிப் போடுவோம். நாற்பது நோயாளிகளுக்கு நான் ஒருத்தியாக நின்ற இரவுகள் உண்டு. ஆகவே பணியில் இருக்கும் செவிலியரையும் பதிவு ஊழியரையும் தண்டித்தால் பிழை குறையும் என்று நான் நம்பவில்லை. தண்டனைக்குப் பயந்து மறைக்கத்தான் செய்வார்கள். பதிவு செய்யும் இடத்தில் திரையை நோயாளியின் பக்கம் திருப்பிக் காட்டுவதும், புறநோயாளிச் சீட்டில் பெயரைத் தமிழில் அச்சிட்டு அவரையே படிக்கச் சொல்வதும் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

திருத்தும் விஷயத்தில்தான் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம். அக்காவின் பதிவைச் சரிசெய்ய நான்கு முறை போனோம். வரவேற்பில் ஆய்வகத்தைக் கேட்கச் சொன்னார்கள். ஆய்வகத்தில் கணினிப் பிரிவைக் கைகாட்டினார்கள். ஒருவருக்கு இரண்டு எண்கள் இருந்தால் அவற்றை இணைத்துவிடலாம், ஆனால் இருவர் ஒரே எண்ணில் கலந்துவிட்டால் ஒவ்வொரு தாளையும் எடுத்து யாருடையது என்று பார்த்துப் பிரிக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அதற்கென ஒருவர் பொறுப்பில் இல்லை என்பதே என் குறை. கடைசியில் தவறான தாள்களைக் கோப்பிலிருந்து உருவி எடுத்துவிட்டு, "சரியாகிவிட்டது" என்றார்கள். அது திருத்தம் ஆகாது. தவறான குறிப்பைப் படிக்கும்படியே ஒற்றைக் கோட்டால் அடித்து, காரணமும் தேதியும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கணினியிலும் பழைய பதிவு பிழை என்ற குறிப்போடு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பதிவை நம்பி இடையில் எடுத்த முடிவுகளுக்கு விளக்கமே இருக்காது. மருந்தகம், ஆய்வகம், காப்பீட்டு நிறுவனம் என்று அந்தத் தவறான விவரம் போய்ச் சேர்ந்த இடங்களுக்கெல்லாம் திருத்தத்தைத் தெரிவிப்பதும் மருத்துவமனையின் கடமையாக வேண்டும்.

2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் 14 இலக்க எண் ஒன்றின் கீழ் ஒருவருடைய பதிவுகளை இணைக்க முடிகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூலத்தில் ஆள் மாறியிருந்தால், ஒரு மருத்துவமனைக்குள் கிடந்த பிழை இனி எல்லா இடங்களுக்கும் போகும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவ மன்றத்தின் 2002 ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தவறான தரவைத் திருத்தக் கோரும் உரிமையைப் பேசுகிறது. இந்த உரிமை நடைமுறைக்கு வர, திருத்த விண்ணப்பத்துக்கு ஒப்புகைச் சீட்டு, முடித்துத் தர ஒரு கெடு, பொறுப்பான அலுவலரின் பெயர் ஆகிய மூன்றும் ஒவ்வொரு மருத்துவமனையின் பதிவுக் கூடத்திலும் எழுதி ஒட்டப்பட வேண்டும். மக்கள் நல்வாழ்வுத் துறை இதை அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி ஆணையாகப் பிறப்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஆணையில் இன்னொன்றும் இருக்க வேண்டும். அக்காவின் காய்ச்சல் பரிசோதனை முடிவுகள் அந்த மற்றொரு பெண்மணியின் எண்ணில்தான் ஆறு மாதம் இருந்தன. சர்க்கரை அளவு இயல்பு என்ற அக்காவின் முடிவைப் பார்த்து யாரேனும் அந்தப் பெண்மணியின் இன்சுலினைக் குறைத்திருக்கலாம். அவருக்குத் தகவல் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டதற்கு, அவர் விவரத்தை எங்களிடம் பகிர முடியாது என்றார்கள். அது முறைதான். நான் கேட்டது அவருடைய விவரத்தை அல்ல. அவரை அழைத்துச் சொன்னார்களா என்ற கேள்விக்கு இதுவரை பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருநெல்வேலி.